இனிப்பு வைன் பீப்பாவில் கிடந்த ஜின் ஏன் இனிக்கவில்லை?

கிளிநொச்சியில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவர் கேட்டபடியே தருகிறேன்: “அண்ணை, கனடாவில இருந்து வந்த சித்தப்பா ஒரு ஜின் போத்தல் தந்தவர். ஜின் எண்டால் தண்ணி மாதிரி இருக்கும் எண்டுதான் தெரியும். இது தேன் நிறம். சோத்தேர்ன் எண்ட இனிப்பு வைன் பீப்பாவில கடைசியா வைச்சு எடுத்தது எண்டு லேபிளில கிடக்கு. இனிக்கும் எண்டு நினைச்சு வாயில வைச்சால் இனிக்கவே இல்லை, கொஞ்சம் துவர்க்குது. இது உண்மையான ஜின்தானோ? என்னத்தோட குடிக்கிறது? எங்கட பனஞ்சாராயத்தையும் இப்பிடிச் செய்யலாமோ?”

சித்தப்பா ஏமாறவில்லை, தம்பி. போத்தலிலும் பழுதில்லை. இனிப்பு வைன் பீப்பாவில் கிடந்த ஜின் இனிக்காது. இனிக்கிற மாதிரி மணக்கும், அவ்வளவுதான். இந்த வித்தியாசம் பிடிபட்டால் மற்றக் கேள்விகளுக்கும் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

நான் ஆர் என்று ஒரு வரி: கொழும்புக்கு வெளியே ஒரு வடிசாலையில், கலவைப் பகுதியில், பதினொரு வருடம் மூக்கை வைத்துப் பிழைத்தவன். இப்போது மாங்குளத்துக்குப் பக்கத்தில் கொஞ்சத் தோட்டம், நாலைந்து தேனீப் பெட்டி. மூக்கு மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

முதலில் ஜின் என்றால் என்ன என்று பார்ப்போம். தானியத்தில் இருந்தோ வேறு பயிரில் இருந்தோ 96 வீதம் வரை சுத்தமாக வடித்த மதுசாரம்தான் அதன் அடி. அந்த மதுசாரத்துக்கு என்று மணமும் இல்லை, ஊரும் இல்லை. அதைத் தண்ணீர் விட்டுக் குறைத்து, ஜூனிப்பர் காயும் கொத்தமல்லியும் ஏஞ்சலிக்கா வேரும் தோடம்பழத் தோலும் போட்டு ஊறவைத்து, செம்புப் பானையில் மறுபடி வடிப்பார்கள். வடியும்போது முதலில் தோலின் மணம் வரும், பிறகு ஜூனிப்பரும் மல்லியும், கடைசியில் வேர்களின் மண் மணம். எங்கே தொடங்கி எங்கே வெட்டுவது என்பதில்தான் வடிப்பவரின் கை தெரியும். ஜூனிப்பர் எங்கள் பக்கம் வளராத ஒரு ஊசியிலைச் செடி. காய் என்று சொல்கிறோமே தவிர, அது பைன் மரத்தில் காய்க்கிற கூம்பின் சின்ன வடிவம். நசுக்கி முகர்ந்தால் பச்சைப் பிசின் மணம் அடிக்கும். அந்த மணம் முன்னுக்கு நிற்காவிட்டால் அது ஜின்னே இல்லை. ஐரோப்பியச் சட்டமும் அதைத்தான் சொல்கிறது, கூடவே 37.5 வீதத்துக்குக் குறையக்கூடாது என்றும்.

நிறம் இருக்கக்கூடாது என்று ஜின்னுக்குப் பொதுவாக ஒரு சட்டமும் இல்லை. “லண்டன் ஜின்” என்று பெயர் போடுகிறவர்களுக்குத்தான் கட்டுப்பாடு: வடித்த பிறகு தண்ணீரைத் தவிர வேறெதுவும் பெரிதாகச் சேர்க்கக்கூடாது, இனிப்பு லீட்டருக்கு 0.1 கிராமைத் தாண்டக்கூடாது, சாயம் கூடவே கூடாது. உங்கள் போத்தலை நான் பார்க்கவில்லை. ஆனாலும் அதில் “லண்டன்” என்ற சொல் இருக்காது என்று பந்தயம் கட்டுவேன்.

இனி அந்த வைனுக்கு வருவோம். சோத்தேர்ன் என்பது பிரான்சில் போர்தோ நகரத்துக்குத் தெற்கே உள்ள ஒரு சின்னப் பகுதி. அங்கே சிரோன் என்று ஒரு குளிர்ந்த சிற்றாறு, கொஞ்சம் வெதுவெதுப்பான கரோன் ஆற்றில் வந்து விழுகிறது. அதனால் இலையுதிர் காலத்து விடியற்காலையில் தோட்டமெல்லாம் மூடுபனி. மத்தியானம் வெயில் வந்து காயவைத்துவிடும். இந்த ஈரமும் காய்ச்சலும் மாறிமாறி வருவதால் திராட்சையில் ஒரு பூஞ்சணம் பிடிக்கும். பொற்றிற்றிஸ் என்று பெயர். மழை விடாமல் பெய்தால் இதே பூஞ்சணம் குலை முழுவதையும் அழுகடித்துவிடும். அளவாகப் பிடித்தால் தோலில் நுண்ணிய துளை போட்டு உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியே போகவிடும். பழம் வற்றலாகிச் சுருங்கி, சீனியும் புளிப்பும் திரண்டு நிற்கும். அதை ஒவ்வொரு பழமாகப் பார்த்து, ஒரே தோட்டத்துக்குள் பலமுறை போய்ப் பொறுக்குவார்கள். அந்த ஊரின் பேர்போன தோட்டமான ஷத்தோ டிக்கெம், ஒரு கொடிக்கு ஒரு கிளாஸ் வைன்தான் கிடைக்கிறது என்று சொல்லும். ஒரு பனையில் காலையும் மாலையும் முட்டி இறக்குகிறவர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

அப்படிச் செய்த வைனில் லீட்டருக்கு 120, 150 கிராம் சீனி நொதிக்காமல் மிஞ்சி நிற்கும். அது 225 லீட்டர் ஓக் பீப்பாவில் ஒன்றிரண்டு வருடம் கிடக்கும். வைனை எடுத்த பிறகும் பீப்பா வெறுமையாகிவிடாது. பலகைக்குள் சில லீட்டர் வைன் ஊறிப்போய் இருக்கும். ஜின்காரர் அந்தப் பீப்பாவைத்தான் வாங்குகிறார்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு. ஒரு பேச்சுக்குப் பலகைக்குள் 5 லீட்டர் வைன் இருக்கிறது என்று வையுங்கள். லீட்டருக்கு 130 கிராம் சீனி என்றால் மொத்தம் 650 கிராம். அது முழுவதும் வெளியே வந்து 225 லீட்டர் ஜின்னில் கரைந்தாலும் லீட்டருக்கு 3 கிராம்கூட வராது. நீங்கள் ஊற்றிய 50 மில்லிலீட்டரில் 0.15 கிராம் அளவு, அதாவது விரல் நுனியில் ஒட்டுகிற சீனி. 40 வீத மதுசாரத்தின் எரிவுக்கு நடுவில் அது நாக்குக்குத் தெரியவே தெரியாது. உண்மையில் அவ்வளவும் வெளியே வருவதும் இல்லை. ஆனால் ஓக் பலகையில் இருக்கும் தனின் கட்டாயம் வரும். துவர்ப்பு அதுதான். தேத்தண்ணியைக் கூடுதலாகக் கொதிக்கவிட்டால் நாக்கைப் பிடிக்குமே, அதே சாமான்.

அப்படியென்றால் தேன் மாதிரி ஏன் மணக்கிறது? பதில் உங்கள் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் இருக்கிறது. கொஞ்சம் வெந்தயம் எடுத்து, எண்ணெய் இல்லாமல், மெல்லிய நெருப்பில் வறுத்துப் பாருங்கள். நிறம் மாறத் தொடங்கும்போது, கசப்பு ஏறுவதற்குச் சற்று முன்னால், ஒரு இனிப்பு மணம் எழும். பனங்கட்டியைப் பாகாக்கும்போது வருவதற்கு அடுத்த வீட்டு மணம். அதற்குக் காரணமான பொருளின் பெயர் சொற்றலோன். பூஞ்சணம் பிடித்த திராட்சையில் செய்த வைனிலும் அதுவே இருக்கிறது. மிக மிகச் சிறிய அளவிலேயே மூக்குக்கு எட்டிவிடும். வறுத்த வெந்தயத்தை ஒரு கையிலும் உங்கள் ஜின்னை மறு கையிலும் வைத்து மாறிமாறி முகர்ந்து பாருங்கள். முதல் தடவை பிடிபடாது. மூன்றாவது தடவை பிடிபடும், அதற்குப் பிறகு மறக்காது.

மற்ற மணங்கள் ஓக் மரத்தில் இருந்து வருகின்றன. பீப்பா செய்யும்போது பலகையை நெருப்பில் வாட்டி வளைப்பார்கள். அந்தச் சூட்டில் மரத்தின் நார் உடைந்து வனிலா மணம் பிறக்கும், மரத்துக்குள் இருக்கும் சீனி கருகிப் பாகு மணம் வரும். கிராம்பில் இருக்கும் அதே யூஜினோலும் ஓக்கில் உண்டு. லக்டோன் என்று ஒரு வகை, தேங்காய்ப்பூ வறுத்த மணம், அமெரிக்க ஓக்கில் அது தூக்கலாக இருக்கும். வனிலா, பாகு, தேங்காய்: இந்த மூன்றையும் சின்ன வயதில் இருந்து இனிப்புப் பண்டத்தோடுதான் முகர்ந்திருக்கிறோம். மூக்கு “இனிப்பு” என்று செய்தி அனுப்ப, நாக்கு “ஒன்றும் இல்லையே” என்று திருப்பி அனுப்புகிறது. நீங்கள் குழம்பியது இந்த இடத்தில்தான்.

எல்லா இனிப்பு வைன் பீப்பாவும் ஒரே மாதிரி இல்லை. போர்த்துக்கலின் போர்ட் வைனை நொதித்துக்கொண்டிருக்கும்போதே 77 வீதத் திராட்சைச் சாராயம் ஊற்றி நிறுத்திவிடுவார்கள், மிச்சச் சீனி அப்படியே நின்றுவிடும். அந்தப் பீப்பா ஜின்னுக்கு இளஞ்சிவப்பு நிறமும் நாவல்பழச் சாயலும் கொடுக்கும். ஹங்கேரியின் தொக்காய், 136 லீட்டர் சின்னப் பீப்பாவில் கிடப்பது, சோத்தேர்னுக்கு ஒன்றுவிட்ட சகோதரம். ஸ்பெயினில் பெட்ரோ ஹிமேனெஸ் என்ற திராட்சையை வெயிலில் பாய் விரித்துக் காயவைத்து ஒரு வைன் செய்கிறார்கள், லீட்டருக்கு 400 கிராம் சீனியைத் தாண்டுவதும் உண்டு. பார்த்தால் பனம்பாணிதான். அந்தப் பீப்பாவில் இருந்து வருகிற ஜின்னில் உண்மையாகவே கொஞ்சம் இனிப்பும், முந்திரிகை வற்றல், பேரீச்சம்பழ மணமும் ஏறும். என் ருசிக்கு அது ஜூனிப்பரை நெரித்துவிடுகிறது. சோத்தேர்ன் பீப்பாதான் ஜின்னோடு சண்டை போடாத பீப்பா. சித்தப்பாவுக்குத் தெரிவு தெரிந்திருக்கிறது, அல்லது விமான நிலையக் கடையில் விற்பனைக்கு நின்ற பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது.

இது புதுமோஸ்தர் என்று சிலர் சொல்லுவார்கள். பாதி உண்மை. போத்தல் மலிவாகும் முன்பு ஜின் போனதும் வந்ததும் பீப்பாவில்தான். இங்கிலாந்தில் 1861இல் வந்த ஒரு சட்டத்துக்குப் பிறகுதான் கடைக்காரர் ஒற்றைப் போத்தலாக விற்பது வழக்கமானது. ஜின்னுக்கு மூதாதையான ஒல்லாந்தரின் ஜெனீவர் பீப்பாவில் முதிர்வது இன்றைக்கும் உண்டு. இந்தக் காலத்து அலையைத் தொடக்கியவர்களில் ஒன்று பிரான்சின் சித்தடெல் ஜின்: 2008இல் பீப்பாவில் வைத்ததை வெளியிட்டார்கள், பிறகு பினோ தே ஷறாந்த் என்ற இனிப்புப் பானம் கிடந்த பீப்பாவையும் சேர்த்துக்கொண்டார்கள். 2013இல் பீபீட்டர் என்ற இங்கிலாந்து ஜின்காரர், லில்லே என்ற மணமூட்டிய வைன் கிடந்த பீப்பாவில் வைத்து ஒன்றை இறக்கினார்கள். வேறு பீப்பாவில் கடைசிக் காலத்தை வைத்து எடுக்கும் பழக்கத்தைப் பரவலாக்கியவர்கள் ஸ்கொட்லாந்து விஸ்கிக்காரர்கள், 1980கள், 90களில். சோத்தேர்ன் பீப்பாவில் வைத்த விஸ்கி என்றால் கிளென்மொறன்ஜியின் நெக்டார் டோர் நினைவுக்கு வரும்.

விஸ்கிக்குச் சரி வந்தது ஜின்னுக்கு அப்படியே சரி வராது. இந்த இடம் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டிய இடம்.

எங்கள் தென்னஞ்சாராயத்தை எடுங்கள். கள்ளு நொதிக்கும்போதே நூறு வகை மணப்பொருள் உண்டாகிவிடும், அதில் நல்லதும் முரடும் இருக்கும். வடித்த அன்றைக்குக் குடித்தால் தொண்டையைக் கிழிக்கும். சாவண்டலை மரத் தொட்டியில் வருடக்கணக்காகக் கிடக்கும்போது முரடு மெல்ல அடங்கும். சாவண்டலை என்றால் வெளியே இருக்கிறவர்களுக்குத் தெரியாது, சிங்களத்தில் ஹல்மில்ல என்பார்கள். வன்னிக் காட்டிலும் நிற்கிற மரம்தான். வண்டில் செய்வதற்கும் வள்ளம் கட்டுவதற்கும் பேர் போனது. சாராயத்துக்குக் காலம் நண்பன்.

ஜின்னில் அடங்க வேண்டிய முரடு இல்லை. அடியில் இருப்பது வெறும் மதுசாரம். மேலே இருப்பது ஜூனிப்பர், மல்லி, பழத்தோல் இவற்றின் எண்ணெய் மட்டும். அந்த எண்ணெய்கள் காற்றுப் பட்டால் மாறுகிறவை. முதலில் போவது தோடம்பழத் தோலின் பளிச்சென்ற மணம். வெட்டி வைத்த தேசிக்காய் மறுநாள் எப்படி மணக்கும் என்று உங்களுக்குத் தெரியும். பீப்பா என்பது காற்றை மெல்ல உள்ளே விடுகிற பாத்திரம். ஆக, ஜின் பீப்பாவுக்குள் போன அன்றே இரண்டு கணக்கு ஓடத் தொடங்குகிறது: மரமும் வைனும் உள்ளே வருகின்றன, ஜின் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே போகிறது. இரண்டும் சந்திக்கிற இடத்தில் நிறுத்த வேண்டும். அது சில கிழமையாக இருக்கலாம், சில மாதமாக இருக்கலாம். விஸ்கிக்காரர் பெருமையாக 12, 18 என்று வருடத்தைப் போடுகிற மாதிரி ஜின்காரர் போட மாட்டார். போட்டால் நான் வாங்க மாட்டேன்.

நிறத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வெளிர் வைக்கோல் நிறத்தில் இருந்து தேன் நிறம் வரை நியாயம். சில கிழமைதான் கிடந்தது என்று எழுதிவிட்டுப் பழஞ்சாராயத்தின் கடுஞ்சிவப்பில் இருந்தால், பெட்ரோ ஹிமேனெஸ் மாதிரிக் கறுத்த வைன் பீப்பாவாக இல்லாதவரை, நான் சந்தேகப்படுவேன். ஐஸ் போட்டவுடன் லேசாகப் பால் மாதிரிக் கலங்கினால் பயப்பட வேண்டாம். மதுசாரம் குறையும்போது அதில் கரைந்திருந்த எண்ணெய் வெளியே வந்து நுண்துளியாக நிற்கிறது, அவ்வளவே. ஜூனிப்பரைத் தாராளமாகப் போட்டவரின் அடையாளம் அது.

இதெல்லாம் புத்தக அறிவு இல்லை, தம்பி. கைக்காசு போட்டுக் கெடுத்துப் படித்தது. பாரிசில் இருக்கும் மருமகன் ஒருமுறை வரும்போது 5 லீட்டர் ஓக் பீப்பா ஒன்று கொண்டுவந்தான், அலுமாரியில் வைக்கிற அழகுச் சாமான் என்று நினைத்து. எனக்குக் கை சும்மா இருக்குமா? முதலில் தண்ணீர் விட்டேன். விட்ட தண்ணீர் முழுவதும் திண்ணையில் ஓடியது. கரையில் மாதக்கணக்காகக் காய்ந்து கிடந்த வள்ளத்தைத் தண்ணீரில் தள்ளினால் எப்படி ஒழுகும், அதே கதை. இரண்டு நாள் திரும்பத் திரும்ப நிரப்பிய பிறகு பலகை ஊதி இடைவெளி அடைத்தது. பிறகு கொழும்பில் வாங்கிய மலிவான இனிப்பு வைன் ஏழு போத்தலை அதில் ஊற்றி மூன்று கிழமை வைத்தேன். வடித்துவிட்டு, ஈரம் காயும் முன்பே ஜின்னை நிரப்பினேன். இந்த அவசரம் முக்கியம். வைன் எடுத்த பீப்பாவை எங்கள் வெக்கையில் திறந்து வைத்தால் ஒரு கிழமைக்குள் விநாகிரியோ பூஞ்சணமோ குடிவந்துவிடும். ஐரோப்பாவில் உள்ளே கந்தகம் கொளுத்தி மூடுவார்கள்.

வாரம் ஒருமுறை ஒரு கரண்டி எடுத்து ருசி பார்ப்பதாகத் திட்டம். இரண்டாம் கிழமை அருமை. பச்சைப் பிசின் மணத்துக்குப் பின்னால் தேனடை மணம், கடைசியில் மெல்லிய துவர்ப்பு. அடுத்த நாள் எடுத்திருக்க வேண்டும். அந்தக் கிழமை மூத்த அக்காவுக்குச் சுகமில்லை என்று வவுனியா ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக ஓடினேன். பிறகு நெல் வெட்டு வந்தது. பீப்பாவைத் திரும்பிப் பார்க்கும்போது ஒன்பது கிழமை. சோளகம் அடிக்கிற ஆடி மாதம், தகரக் கூரைக்குக் கீழே. திறந்தால் கிட்டத்தட்ட ஒரு போத்தல் குறைந்திருந்தது. மகன் மேல்தான் முதலில் சந்தேகம். அவன் குற்றவாளி இல்லை. ஸ்கொட்லாந்தில் வருடத்துக்கு 2 வீதம் அளவு பீப்பாவில் இருந்து ஆவியாகும், தேவதைகள் குடித்துவிட்டன என்று அதற்கு ஒரு கதையும் வைத்திருக்கிறார்கள். பெங்களூரில் அம்ருத் விஸ்கி செய்கிறவர்கள் 10 வீதத்துக்கு மேல் போகிறது என்கிறார்கள். சின்னப் பீப்பாவும் தகரக் கூரையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

மிஞ்சியது கோப்பி நிறத்தில் இருந்தது. வாயில் வைத்தால் கசாயம். ஜூனிப்பர் இருந்த இடம் தெரியவில்லை. பிறகுதான் உட்கார்ந்து கணக்குப் பார்த்தேன். பாத்திரம் சின்னதாகச் சின்னதாக, ஒரு லீட்டருக்குக் கிடைக்கும் பலகைப் பரப்புக் கூடும். 225 லீட்டர் பீப்பாவோடு ஒப்பிட்டால் 5 லீட்டர் பீப்பாவில் அது சுமார் மூன்றரை மடங்கு. வடிசாலையில் பதினொரு வருடம் வேலை செய்தவன் இதை முன்பே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. வீட்டுக்காரி இன்றைக்கும் அதைக் “கசாயச் சாராயம்” என்றுதான் சொல்லுவாள்.

சரி, உங்கள் போத்தலை எப்படிக் குடிப்பது? முதலில் கொஞ்சமாக, எதுவும் கலக்காமல், ஒரு தேக்கரண்டித் தண்ணீர் மட்டும் விட்டு முகர்ந்து பாருங்கள். இந்த வெக்கைக்கு ஐஸ் வேண்டும், அது குற்றம் இல்லை. டொனிக் வோட்டரை நான் தவிர்ப்பேன். வழக்கமான ஜின்னுக்கு அது பொருத்தம், ஆனால் டொனிக்கில் இருக்கும் குவினைன் கசப்பும் பீப்பாவின் துவர்ப்பும் சேர்ந்தால் வாய் வறண்டுவிடும். போதாததுக்கு அதன் சீனி நீங்கள் காசு கொடுத்து வாங்கிய மெல்லிய மணத்தை எல்லாம் மூடிவிடும். வெறும் சோடா நல்லது. எலிபன்ட் ஹவுஸ் ஜிஞ்சர் பியர் என்றால், அதில் ஒரு பங்கும் சோடா இரண்டு பங்கும். இஞ்சியும் ஓக்கும் ஒத்துப்போகும். தேசிக்காய் பிழிய வேண்டாம். தோடம்பழத் தோலில் ஒரு துண்டைச் சீவிக் கிளாசுக்கு மேலே மடக்கி நசுக்குங்கள், அதன் எண்ணெய் தெறித்தால் போதும். பீப்பாவில் தொலைந்துபோன பழத்தோல் மணத்தை அந்த ஒரு துண்டு திருப்பிக் கொண்டுவரும்.

கடிக்க என்றால் வறுத்த கச்சான். முல்லைத்தீவு இறாலை மிளகு போட்டுப் பொரித்தாலும் நன்றாக இருக்கும். நல்ல உறைப்புக் கறியோடு வேண்டாம். உறைப்பில் துவர்ப்பு இரண்டு மடங்காகத் தெரியும்.

போத்தலை நிமிர்த்தியே வையுங்கள். வைன் மாதிரிப் படுக்க வைத்தால் மதுசாரம் தக்கையைத் தின்றுவிடும். கூரைத் தகரத்துக்குக் கிட்ட இருக்கிற மேல்தட்டு வேண்டாம், கீழே இருட்டான மூலை நல்லது. பாதி குறைந்த பிறகு சின்னப் போத்தல் ஒன்றுக்கு மாற்றிவிடுங்கள். காலி இடத்தில் நிற்கிற காற்று, பீப்பா செய்த வேலையைத்தான் தொடர்ந்து செய்துகொண்டிருக்கும்.

ஜின் என்றதும் வெளிநாட்டுச் சாமான் என்று நினைக்க வேண்டாம். கொழும்பின் ரொக்லண்ட் வடிசாலை 1924இல் தொடங்கியது. இரண்டாம் உலக யுத்த காலத்தில் வெளிநாட்டு வாசனைப் பொருள் கிடைக்காமல் போக, கறுவாவும் இஞ்சியும் கறிவேப்பிலையும் போட்டு ஒரு ஜின் செய்தார்கள். அந்தக் கைப்பக்குவத்தை வைத்துத்தான் கொழும்பு நம்பர் 7 என்ற பெயரில் ஒரு ஜின் வெளியூருக்கும் போனது.

கடைசிக் கேள்வி, பனஞ்சாராயம். வீட்டில் வடிப்பதைப் பற்றிக் கேட்டால் பேச்சே இல்லை: 1912ஆம் ஆண்டு மதுவரிக் கட்டளைச் சட்டம் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறது, கசிப்பு எத்தனை வீட்டைக் குடித்தது என்று உங்களுக்கும் தெரியும். நான் சொல்வது வடிசாலையில் முறையாக வடித்து, கடையில் வாங்கிய போத்தலைப் பற்றி. என் எண்ணம் என்னவென்றால், இனிப்பு வைன் பீப்பா ஜின்னைவிடப் பனஞ்சாராயத்துக்குத்தான் கூடுதலாகப் பொருந்தும். பனங்கள்ளின் கனமான மணம் மரத்தோடு மல்லுக்கட்டி நிற்கும், இலகுவில் தொலையாது. திக்கம் வடிசாலை மாதிரி ஒரு இடத்தில் நாலு பழைய வைன் பீப்பா வாங்கிப் போட்டுப் பார்த்தால் என்ன என்று நினைப்பதுண்டு.

நினைத்ததோடு விடவில்லை. ஜின்னைக் கெடுத்த அதே பீப்பாவில் இரண்டாம் முறை பனஞ்சாராயத்தை விட்டேன். முதல் தடவையிலேயே மரத்தின் ஆவேசம் அடங்கிவிட்டிருந்தது. பீப்பா தன் சத்தில் பெரும்பங்கை முதலில் வந்தவருக்கே கொடுத்துவிடும். அதனால் இந்தமுறை துவர்ப்பு ஏறவில்லை. இடத்தையும் மாற்றி, மண்சுவர் வைத்த பழைய சமையலறை மூலையில் வைத்தேன். மூன்று மாதம். பனங்கட்டியும் முந்திரிகை வற்றலும் சேர்ந்த மணம், தொண்டையில் இறங்கும்போது எரிவே இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பக்கத்து வளவு ஐயா, நாற்பது வருடம் பனையில் ஏறிச் சீவினவர், அவருக்கு ஒரு கிளாஸ் கொண்டுபோய்க் கொடுத்தேன். முகர்ந்தார். வாயில் வைத்து நேரமெடுத்து விழுங்கினார். “நல்லாத்தான் கிடக்கு” என்றார். பிறகு கிளாசை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, “பனையை எங்கை காணேல்லை?” என்று கேட்டார்.

இப்போது மூன்றாம் முறை விட்டிருக்கிறேன். ஆறாம் கிழமையில் எடுப்பதாகத் திட்டம், கலண்டரில் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டு வைத்திருக்கிறேன்.